லாசர் வீட்டு இரும்புச் சுவர்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் அதைத் தகட்டில் செய்துவிடலாம் என்று நம்புவார்கள். நாய்க்குக் கூண்டா, கோழிக்குத் தண்ணீர்த் தொட்டியா, பிள்ளைக்குப் புத்தக அலமாரியா, எல்லாம் பட்டறையில் மிஞ்சிய தகட்டில்தான். லாசர் இதில் மற்றவர்களைவிட ஒரு படி மேலே போனவர். தன் வீட்டுக்குள் ஒரு சுவரையே தகட்டில் கட்டி வைத்தார்.

அது மகள் ஜெர்லினுக்காகக் கட்டியது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, படிக்கத் தனி அறை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வீட்டில் இருந்ததே ஒரு நீளமான கூடமும் ஒரு படுக்கையறையும் அடுப்படியும்தான். கூடத்தின் கடைசிப் பகுதியை மறித்தால் ஓர் அறை வரும். செங்கல் வைத்து மறித்தால் இடத்தை அடைக்கும் என்று கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போதே, லாசர் பட்டறையிலிருந்து தகடு கொண்டுவந்து இறக்கிவிட்டார். தரையிலிருந்து கூரை வரைக்கும் இரும்பு, அதில் இரும்புக் கதவு, ஓரமெல்லாம் வரிசை பிசகாத ரிவிட்டு. பட்டறைப் பெயிண்டர் சென்னிமலை வந்து நீல வர்ணம் அடித்து, மஞ்சள் பூக்கொடி ஓட்டி, இரண்டு பக்கமும் கிளிகளை உட்கார வைத்தார். நடுவில் சிவப்பு நிழல் விழுகிற பெரிய எழுத்தில் ‘ஜெர்லின்’ என்று எழுதினார்.

பங்குச் சாமியார் வீட்டை மந்திரிக்க வந்தபோது சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “பெட்ரூமுக்கு எத்தனை டன் லோடு ஏத்தலாம் லாசர்?” என்று கேட்டாராம். அதைக் கிண்டல் என்று லாசர் இன்றுவரை எடுத்துக்கொள்ளவில்லை. பாராட்டு என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பாடி கட்டி முடித்த லாரி பட்டறையை விட்டு வெளியேறும்போது, லாசர் அதன் விலாவில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி “ரைட்!” என்பார். லாரிக்காரர்களுக்கு ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் கிளம்பு. ஜெர்லின் படிப்பை முடித்து வேலைக்காகப் பெங்களூர் பஸ் ஏறிய அன்றும் அவர் கை தன்னால் பஸ்ஸின் விலாவுக்குப் போனது. ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாவது தட்டுக்குக் கை எழவேயில்லை. கிளம்பிய பஸ்ஸை ஓட்டுநர் சடக்கென்று நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, “ஏனுங்க, யாரு ஏறோணும்?” என்று கேட்டார். லாசர் திருதிருவென்று விழித்தார். மனைவி செல்வமேரிதான் முன்னால் வந்து, படபடவென்று இரண்டு தட்டுத் தட்டிப் பஸ்ஸை அனுப்பி வைத்தாள். இந்தக் கதையைச் சொல்லி வீட்டில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். லாசரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அந்த பஸ் போன பிறகு வீடு எப்படி இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

அதனால்தான், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டதாக ஜெர்லின் போன் செய்த அன்று, லாசர் பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் டீயும் ஆம்லெட்டும் வாங்கிக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு மாதம் பார்ப்பார்களாம். மீட்டிங்குகள் தடையில்லாமல் நடந்தால் அவள் நாமக்கல்லிலேயே இருந்துகொள்ளலாம். அறுந்து அறுந்து போனால் பழையபடி பெங்களூர்.

“அது என்ன பெரிய விசயம்? நல்ல நெட்டாப் போட்டுட்டாப் போச்சு” என்றார் லாசர்.

நல்ல நெட்டாகத்தான் போட்டார். கேபிள் ஆபீஸிலிருந்து கௌசிக் என்ற பையன் வந்து, கூடத்து டீவிக்குப் பக்கத்தில் மோடத்தை மாட்டிவிட்டுப் போனான். செல்வமேரி அதன் மேல் பின்னல் துணி ஒன்றைப் போர்த்தி, திருஇருதய ஆண்டவர் படத்துக்கு வைத்த பூவில் கொஞ்சம் கிள்ளி இதற்கும் வைத்தாள். ஜெர்லின் தன் பழைய அறையில் மேசையைத் துடைத்து லேப்டாப்பைத் திறந்தாள். கதவைச் சாத்தினாள். லேப்டாப்பில் இருந்த முகங்கள் எல்லாம் வாயைத் திறந்தபடியே உறைந்து நின்றன.

அன்று தொடங்கியது லாசரின் ஆராய்ச்சி. முதலில் மோடத்தை அணைத்துப் போட்டார். பின்னல் துணியை எடுத்தார். செல்வமேரி முறைத்ததால் பூவை மட்டும் விட்டுவைத்தார். உயரத்தில் இருந்தால் நன்றாக வீசும் என்று யாரோ சொல்ல, பீரோ மேல் ஏற்றினார். அங்கே சீர்வரிசைப் பாத்திரங்கள் மறைக்கின்றன என்று அவற்றையெல்லாம் இறக்கி அடுப்படியில் அடுக்க, சமைக்க இடமில்லாமல் போய், அன்று இரவு ஹோட்டல் பரோட்டா. மோடத்தின் கொம்புகளைக் கிழக்கே திருப்பினார், மேற்கே திருப்பினார். பக்கத்து வீட்டு மிக்சியைக் குறை சொன்னார், மழை மூட்டத்தைக் குறை சொன்னார், கௌசிக் வேலை செய்யும் கேபிள் ஆபீஸைக் குறை சொன்னார். சுவரை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கௌசிக் மறுபடியும் வந்தான். செல்வமேரி, முறுக்குக்குப் பேர்போன ஆட்டையாம்பட்டிக்காரி. அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த கைமுறுக்கைத் தட்டு நிறைய அவன் முன்னால் வைத்தாள். அவன் ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டே போனைப் பார்த்தபடி கூடத்தில் நடந்தான். சிக்னல் முழுசாக இருந்தது. ஜெர்லின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். வெளியே வந்தான்.

“ஏனுங்ண்ணா, மோடத்துல ஒரு கோளாறும் இல்லீங்க. இந்த இரும்புச் செவுருதானுங்க. சிக்னலு இரும்பைத் தாண்டாதுங்க.”

“என்ற செவுத்துல குத்தமா?” என்றார் லாசர்.

“குத்தமுன்னு சொல்லலீங்க. அதுல ஒரு ஓட்டை போட்டா, உள்ளுக்குள்ள ஒயர் இழுத்து இன்னொரு மோடம் வெச்சுரலாமுங்க.”

“ஓட்டையா? தகட்டுல ஓட்டை போட்டா அங்கிருந்துதான் துருப் புடிக்கும். தெரியுமா உனக்கு?”

கௌசிக் அடுத்த முறுக்குக்குக் கையை நீட்டினான். லாசர் முறுக்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அதற்காக அவர் சும்மா இருந்துவிடவில்லை. சுவரைத் தொடாமல் என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செய்தார். கதவுக்கு அடியில் ஒயரை விட்டு, மோடத்தையே ஜெர்லின் அறைக்குள் கொண்டுபோய் வைத்தார். ஜெர்லினுக்கு நெட் அருவியாகக் கொட்டியது. ஆனால் கூடத்தில் செல்வமேரியின் போன் செத்துப் போனது. அவள் கூடத்தில் மெஷின் போட்டுப் பிளவுஸ் தைப்பவள். அளவும் டிசைனும் எல்லாம் வாட்ஸப்பில்தான் வரும். பக்கத்துத் தெரு மஞ்சுளா தன் நாத்தனார் கல்யாணத்துக்கு அனுப்பிய கழுத்து டிசைன் வந்து சேரவில்லை. செல்வமேரி தன் இஷ்டத்துக்குத் தைத்துவிட, மஞ்சுளா வாசலில் நின்று போட்ட சத்தம் அந்தத் தெருவுக்கே கேட்டது. இரண்டு நாளில், இரும்புக் கதவு ஏறி ஏறி ஒயரும் நசுங்கிப் போனது. ஜெர்லினே மோடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பழைய இடத்தில் வைத்தாள்.

“அம்மா பொழப்பைக் கெடுத்து நான் என்ன வேலை பாக்கறது?” என்றாள்.

பிறகு அறைக் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தார்கள். சிக்னல் மெல்ல எட்டிப் பார்த்தது. கூடவே தையல் மெஷின் சத்தமும், குக்கர் விசிலும், பழைய இரும்புக்காரன் குரலும் உள்ளே போயின. மீட்டிங்கில் யாரோ, “உங்கள் வீட்டில் ரயில் ஓடுகிறதா?” என்று கேட்டார்களாம். ஜெர்லின் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாள், சாப்பிடவில்லை.

இந்தக் கூத்தெல்லாம் நடந்தாலும் வீடு கலகலவென்றுதான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். காலையில் அம்மாவும் மகளும் ஒரே பாட்டை இரண்டு சுருதியில் பாடிக்கொண்டு காபி போட்டார்கள். சாயங்காலம் ஜெர்லின் கோயில் பாடகர் குழுவுக்குப் போய்வந்தாள். லாசர் பட்டறையிலிருந்து வரும்போது தூரத்திலேயே அவள் சிரிப்புச் சத்தம் கேட்டு, வண்டியை முறுக்கிக்கொண்டு வந்தார். இத்தனை வருஷம் வீட்டுக்கு வருவது என்பது சாப்பிட்டுத் தூங்க வருவதாக இருந்தது. இப்போது வருவதற்கே ஆசையாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் சீக்கிரம் வந்துவிட்டார். செல்வமேரி கடைக்குப் போயிருந்தாள். சிக்னலுக்காக ஜெர்லின் அறைக் கதவைப் பாதி திறந்து வைத்திருந்தாள். உள்ளே பெங்களூரில் இருக்கும் சோபியாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். சோபியா சேலத்துப் பெண், ஜெர்லினின் கல்லூரித் தோழி. லாசர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பேச்சு காதில் விழுந்தது.

“திங்கக்கெழமை வெளிநாட்டுக் கஸ்டமருக்கு நாந்தான் எல்லாம் வெளக்கிக் காட்டோணும் சோபி. அதுவும் அறுந்துச்சுன்னா கெளம்பி வந்துருன்னு மேனேஜரு கண்டிசனாச் சொல்லிட்டாங்க. உன்ற ரூமுல எடம் இருக்குதா பாரு… செவுத்தை எடுத்தாச் செரியாப் போயிரும், எனக்கும் தெரியும். அப்பாகிட்ட எப்பிடி அதைச் சொல்றது? எனக்குன்னு பாத்துப் பாத்துக் கட்டுனது. நான் சொன்னா உடனே எடுத்துருவாரு. எடுத்துட்டு உள்ளுக்குள்ள அழுவாரு. அதைப் பாக்கறதுக்கு நான் பெங்களூருக்கே போயிரலாம்.”

லாசர் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் தெருவுக்கு வந்தார். முருங்கை மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். சுவர் போய்விடுமே என்று இத்தனை நாளாகப் பயந்தார். மகள் போய்விடுவாளே என்று ஏன் அதற்குமேல் பயப்படவில்லை என்று தன் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கேபிள் ஆபீஸுக்குப் போனார். வழியில் ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிக்கொண்டார்.

“தம்பி, இரும்பு சிக்னலை உடாதுன்னியே. கண்ணாடி உடுமா?” என்று கௌசிக்கிடம் கேட்டார்.

“கண்ணாடின்னாத் தாராளமாப் போகுமுங்ண்ணா” என்றவன் பொட்டலத்தைப் பார்த்தான். லாசர் அதை அவன் கையிலேயே வைத்தார்.

மறுநாள் பட்டறை முதலாளி மருதாசலத்திடம் போய் நின்றார். பட்டறை மூலையில் லாரி முன்கண்ணாடி ஒன்று வெகுநாளாகச் சாக்கு போர்த்திக் கிடந்தது. அது வேண்டும் என்றார்.

“ஏ லாசரு, ஊட்டுக்கு முன்கண்ணாடியா?” மருதாசலம் விழுந்து விழுந்து சிரித்தார். “எடுத்துட்டுப் போ. டயரு நாலு போட்டு உடட்டுமா? ஊட்டோட திருச்சி வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துருவே.”

“டயரு வேண்டாமுங்க மொதலாளி. ஊடு அங்கியே நிக்கோணும்னுதான் இதெல்லாம்” என்றார் லாசர்.

ஞாயிற்றுக்கிழமை லாசர் விடியற்காலை முதல் பூசைக்குப் போய்வந்துவிட்டார். செல்வமேரியும் ஜெர்லினும் இரண்டாம் பூசைக்குக் கிளம்பினார்கள். பூசை முடிந்து பாட்டுப் பயிற்சி வேறு இருந்தது. அவர்கள் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், சென்னிமலையும் கண்ணாடியும் கட்டிங் மிஷினும் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே மருதாசலமும் வேடிக்கை பார்க்க வந்து, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

லாசர் சாக்பீஸால் கோடு போட்டார். முதலில் பெயரும் கிளிகளும் இருந்த பகுதியைச் சுற்றி ஒரு கோடு. அதைத் தனியாக எடுத்துவிட்டு, அந்த இடத்தையே கண்ணாடி அளவுக்குப் பெரிதாக்க இன்னொரு கோடு. கோடு போட்டு முடித்ததும், ‘ஜெர்லின்’ என்ற எழுத்தின் மேல் கையை வைத்து நின்றார். கண் நிறைந்துவிட்டது.

“பொறி பட்டுருச்சு கண்ணுல” என்றார்.

“மிசினை இன்னும் போடவே இல்லையே லாசரு” என்றார் சென்னிமலை.

மிஷினைப் போட்டார்கள். அதன் சத்தத்தில் மருதாசலம் காதைப் பொத்திக்கொண்டார். லாசர் கோடு பிசகாமல் வெட்டினார். பெயர்த் தகடு ஒரு கீறல் இல்லாமல் வந்தது. திறப்பில் கண்ணாடியை நிறுத்தி, சுற்றிலும் கறுப்பு ரப்பரைக் கொடுத்து, லாரிக்குப் போடுகிற மாதிரியே இறுக்கினார். தள்ளி நின்று பார்த்தார். அப்போதுதான் அது அவருக்குப் பட்டது. இத்தனை நாளும் அது வெறும் தகடாக இருந்தது. இப்போது அதற்கு முகம் வந்திருந்தது. லாரியின் முகம். லாரிக்குப் பெயர் எங்கே எழுதுவார்கள் என்று நாமக்கல்லில் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

“சென்னிமலை, அந்தப் பேரைத் தூக்கு” என்றார். குரலில் திடீரென்று ஒரு குதூகலம். பெயர்த் தகட்டைக் கண்ணாடிக்கு மேலே, நெற்றியில் வைத்து, ரிவிட்டு அடித்தார்கள். இரண்டு கிளிகளும் இரண்டு ஓரத்தில் சரியாக உட்கார்ந்தன.

ஜெர்லின் வீட்டுக்குள் நுழைந்தபோது வாயைத் திறந்தவள்தான், மூடவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள். மேலே தன் பெயரைப் பார்த்தாள். கையில் தகட்டுத் தூளோடு நின்ற அப்பாவைப் பார்த்தாள்.

“அப்பா… லாரி மாதிரியே இருக்குதுங்கப்பா.”

“மாதிரி என்ன சாமி, லாரியேதான். பேரு நெத்தியிலதான் இருக்கோணும். இத்தனை வருசமா வயித்துல எழுதி வெச்சிருந்தேன் பாரு.”

“ஏனுங்க, கண்ணாடின்னா வெளிய இருக்கறவங்களுக்கு எல்லாம் தெரியுமே? புள்ளை ரூமுல்ல அது?” என்றாள் செல்வமேரி. சொன்னவளே மதியத்துக்குள் உள்பக்கம் ஒரு திரையைத் தைத்து மாட்டிவிட்டாள். வேலை நேரத்தில் திறந்துகொள்ளலாம், தூங்கும்போது மூடிக்கொள்ளலாம். சாயங்காலம் கௌசிக் வந்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, கண்ணாடி வழியாகவே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். லாசர் முறுக்கு டப்பாவை முழுசாக அவன் பக்கம் தள்ளினார். அன்று இரவு ஜெர்லின் படுக்கப் போகும்போது அப்பாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை லாசர் பட்டறைக்குப் போகவில்லை. கூடத்தில் ஸ்டூலைப் போட்டு, கண்ணாடிக்கு நேரே உட்கார்ந்தார். செல்வமேரி மெஷினை நிறுத்த எழுந்தாள். ஜெர்லின் உள்ளிருந்தே வேண்டாம் என்று கையை ஆட்டினாள். மெஷின் ஓடியது. குக்கர் விசிலடித்தது. மஞ்சுளா வந்து இன்னொரு பிளவுஸுக்கு அளவு கொடுத்துவிட்டு, தன் பங்குக்குக் கொஞ்சம் சத்தமும் போட்டாள். ஒன்றும் உள்ளே போகவில்லை. உள்ளே ஜெர்லின் பேசிக்கொண்டே இருந்தாள். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். கையை விரித்து விளக்கினாள், தலையை ஆட்டினாள், எதற்கோ சிரித்தாள். அவள் முகம் ஒரு தடவைகூடச் சுருங்கவில்லை. லாசருக்கு அவள் பேசியது ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது. ஆனால் மகள் வேலை செய்வதை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தார். ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசியில் அப்பாவைக் கைகாட்டி ஏதோ சொன்னவள், திடீரென்று லேப்டாப்பைத் தூக்கிக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். கட்டம் கட்டமாக அத்தனை முகங்களும் லாசரைப் பார்த்துக் கையசைத்தன. ஒரு வெள்ளைக்காரர் எழுந்து நின்றே கைதட்டினார். லாசருக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். லேப்டாப்பில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

ஜெர்லின் லேப்டாப்பை மூடினாள். கையில் இருந்த போனில் மேனேஜரின் செய்தி வந்தது. நின்றபடியே படித்தாள். படித்துவிட்டுக் கண்ணாடியை நோக்கி நடந்து வந்தாள். லாசர் துடைப்பதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். என்ன முடிவு என்று கண்ணாலேயே கேட்டார்.

அவள் கையை ஓங்கி, கண்ணாடிக்குக் கீழே இருந்த தகட்டில் ‘டங்’ என்று தட்டினாள்.

‘கிளம்பு’ என்று சொல்லும் இரண்டாவது தட்டும் விழுமோ என்று லாசர் காத்திருந்தார். ஜெர்லின் கையை இறக்கிவிட்டாள். அவரைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள், பிறகு அழுதுகொண்டே சிரித்தாள்.

“ஒண்ணுதானுங்க தட்டுனா!” என்று அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தாள் செல்வமேரி.